மைனரின் கோரிக்கை

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே நாலு ஜட்கா நின்ற காலத்தில், மூன்றை ஆண்கள் ஓட்டினார்கள். நாலாவதை இருசம்மாள் ஓட்டினாள். வெளியூர்க்காரர்கள் அவளைச் சவாரிக்கு வந்தவள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். "வண்டிக்காரரு எங்கம்மா?" என்று கேட்பார்கள். "ஏறி குந்துங்க, வந்துடுவாரு" என்பாள். அவர்கள் மூட்டை முடிச்சோடு ஏறி உட்கார்ந்த பிறகு, முன்பலகையில் ஒரு காலை மடக்கிப் போட்டுக்கொண்டு லகானைச் சுண்டுவாள். பாதிப் பேர் பயந்து வண்டியின் பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள். இறங்கும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இறங்கினார்கள்.

அவள் புருஷன் சுப்புராயன் எழுபத்தொன்றாம் வருஷம் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். அப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. இடுப்பில் ஒரு பெண் குழந்தை. காரியம் முடிந்த மறுநாள், அந்தியூர்ச் சந்தையில் அவன் வாங்கி வந்த குதிரையை யாருக்குத் தள்ளிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கொல்லைப்பக்கம் போய், குதிரையின் கழுத்தில் மணிப்பட்டையை மாட்டி, வண்டியில் பூட்டி, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, பேசிக்கொண்டிருந்தவர்கள் முன்னாலேயே ஓட்டிக்கொண்டு போனாள். வண்டி ஸ்டாண்டில் அவளை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் யார் ஏறுவார்கள் என்று சிரித்தார்கள்.

பொம்பளைகள் ஏறினார்கள். பிள்ளைவலி கண்டவர்கள், பிறந்த வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போகிறவர்கள், திருக்கோவிலூர் பஸ்ஸில் வந்து இறங்கிய புதுப்பெண்கள், எல்லோரும் வரிசையைத் தாண்டிக் கடைசி வண்டிக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் வரை பொறுக்க முடியாத மூன்று பிள்ளைகள் அந்த வண்டியிலேயே பிறந்தன. அந்தச் சவாரி வரும்படியில் இருசம்மாள் மகளைப் பத்தாவது வரை படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தாள்.

குதிரைக்குப் பெயர் மைனர். செம்பட்டை நிறம், நாலு காலிலும் முட்டி வரை வெள்ளை. கஞ்சி போட்ட வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி நடக்கும். டீக்கடைக்காரர் வைத்த பெயர் அது. விடிந்ததும் அவள் தெருவில் முதலில் மணிச் சத்தம் கேட்கும். அதைத் தொடர்ந்து குதிரை கொள்ளு மெல்லும் சத்தம். அக்கம்பக்கத்தார் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவார்கள். தீபாவளி, பொங்கல் என்று வண்டி பூட்டாத நாட்களில்கூட அந்தச் சத்தம் தவறியதில்லை.

எண்பத்தேழாம் வருஷம் ஆவணி மாதத்தில் இருசம்மாளுக்கு ஆர்டர் வந்தது. பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர் வேலை. மூன்று வருஷமாக மனு போட்டுக்கொண்டே இருந்தாள். ஆர்டரை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்து, நாலு வண்டிக்காரர்களுக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள், தன்னையும் சேர்த்து.

"அப்போ மைனரு?" என்று கேட்டான் பிச்சைமுத்து. பதினாறு வருஷம் வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவன்.

மைனருக்கு இருபத்திரண்டு வயதாகியிருந்தது. மேட்டில் மூச்சு வாங்கியது. எப்படியும் அந்த வருஷத்தோடு வண்டியிலிருந்து அவிழ்த்துவிட வேண்டியதுதான். ஆனால் அவிழ்த்து எங்கே விடுவது? வீட்டுக் கொல்லையை ஒட்டி மைனரின் கொட்டகை இருந்த காலி மனையில் மனைக்காரர் கடை கட்ட அஸ்திவாரம் தோண்டிவிட்டார். காலை ஏழு மணிக்கு அவள் அடுப்படியில் நிற்க வேண்டும்.

"விழுப்புரத்துல சர்க்கஸ்காரன் கொட்டாய் போட்டுக்கினு இருக்கானாம். கெழட்டுக் குதிரைன்னா ஒடனே வாங்கிக்கிறானாம்" என்றான் பிச்சைமுத்து.

"எதுக்கு, வித்தை காட்டவா?"

"சிங்கத்துக்கு."

இருசம்மாள் டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனாள். பிச்சைமுத்துவிடம் இரண்டு நாள் பேசவில்லை.

கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கல்வராயன் மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் தெய்வசிகாமணி ஒரு லாயம் வைத்திருந்தார். மலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்குகிற மட்டக்குதிரைகள் ஐந்தாறு அவரிடம் இருந்தன. அதோடு, கால் பிசகிய குதிரை, ஓய்வு வேண்டிய குதிரை என்று ஊர் ஜட்காக்காரர்கள் கொண்டுவந்து விடுவதையும் வைத்துப் பராமரிப்பார். மாதம் ஒரு மூட்டை கொள்ளும் தவிடும் தருவது, மீதியை லாயம் பார்த்துக்கொள்வது என்று இருசம்மாள் பேசி முடித்தாள். வண்டியையும் சாமான்களையும் பிச்சைமுத்துவே வாங்கிக்கொண்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் மைனருக்கு வெறும் கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டு நடந்தே போய் ஒப்படைத்தாள்.

ஒப்படைப்பது சின்ன வேலையாக இல்லை. தெய்வசிகாமணியும் அவர் மனைவி சாலம்மாளும் நிற்க, அவள் சொல்லிக்கொண்டே போனாள். கொள்ளை ராத்திரியே ஊறவைக்க வேண்டும், வேகவைக்கக் கூடாது. தண்ணீரில் ஒரு சொம்பு கழுநீர் கலக்க வேண்டும். பின்னங்கால் இடது குளம்பில் கல் மாட்டும். கறுப்புக் குடையைக் கண்டால் மிரளும், கலர்க் குடையைக் கண்டால் மிரளாது. சினிமா வண்டி மைக் சத்தம் கேட்டால் பின்னாலேயே போகும். தொட்டியில் தின்று பழக்கமில்லை, வாயில் பை கட்டித்தான் போட வேண்டும். பையையும் கொடுத்தாள்.

"இன்னும் எதுனா பாக்கி இருக்குதா?" என்றார் தெய்வசிகாமணி. "என் பொண்ணைக் கட்டிக்குடுக்கும்போதுகூட நான் இவ்ளோ சொல்லலியேம்மா."

"எல்லாம் சொல்லிட்டேண்ணா."

சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தாள். மைனரின் நெற்றியில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் பஸ் ஏறினாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே சத்துணவுக் கூடத்தின் முன் நின்றாள்.

புதன்கிழமை சாயங்காலம் கடைசி பஸ் கண்டக்டர் செய்தி கொண்டுவந்தார். மைனர் மூன்று நாளாகக் கொள்ளைத் தொடவில்லை. பையைக் கட்டினால் மூக்கைத் திருப்பிக்கொள்கிறது. பச்சைப் புல்லில் ரெண்டு வாய் கடித்துவிட்டு நிற்கிறது. மாட்டு டாக்டர் வந்து பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றுவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ளாற வந்து கூட்டிக்கினு போயிடணுமாம். லாயத்துல ஒரு குதிரை சோறு எறங்காம செத்துச்சின்னு பேராயிடுச்சின்னா, வேற எவனும் கொண்டாந்து வுடமாட்டான்னு சொல்றாரு. அவரு சொல்றதும் நாயந்தானேக்கா?"

நியாயம்தான். ஆனால் கூட்டிக்கொண்டு வந்து எங்கே கட்டுவது? வேலையில் சேர்ந்து மூன்று நாள். குதிரையைத் திரும்பக் கொண்டுவந்தால் ஒன்று வேலை போக வேண்டும், இல்லை குதிரை விழுப்புரம் போக வேண்டும்.

செய்தி தெருவில் பரவியது. "உன்னை நெனச்சி ஏங்குதுடி. வாயில்லாத சீவனுக்கு இருக்கிற பாசம் நம்ம புள்ளைங்களுக்கு இருக்குதா?" என்று பக்கத்து வீட்டுத் தைலம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருசம்மாளும் அழுதாள். அன்று அவளுக்கும் சோறு இறங்கவில்லை. தன்னைத் தேடி ஒரு உயிர் பட்டினி கிடக்கிறது என்ற நினைப்பில் துக்கம் முக்கால் பங்கு. கால் பங்கு ஏதோ ஒரு பெருமையும் இருந்தது. அதை அவள் வெளியே காட்டவில்லை.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று கிளம்பினால், பஸ்ஸே இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் அன்றைக்குத்தான் தொடங்கியிருந்தது. எல்லா ரோட்டிலும் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றார்கள். பள்ளிக்கூடம் கிடையாது, கடை கிடையாது. பேருந்து நிலையம் துடைத்துவிட்டது போலக் கிடந்தது. இருசம்மாள் பழக்கதோஷத்தில் ஸ்டாண்டுக்குப் போய் மரத்தடியில் உட்கார்ந்தாள்.

பிச்சைமுத்து மட்டும் வந்திருந்தான். சவாரி இல்லாவிட்டாலும் குதிரையை ஒரு நடை நடத்திக் கொண்டுவந்திருந்தான். "இன்னாக்கா, மைனரு காதல் தோல்வியில கெடக்குறானாமே?" என்றான்.

"வாயை மூடு."

"நான் அப்பவே சொன்னேன். சர்க்கஸ்காரன்கிட்ட குடுத்திருந்தா ஒரே நாளு வேலை."

அவன் சிரித்துக்கொண்டே தன் குதிரையின் கழுத்துப் பட்டையை இழுத்துச் சரி செய்தான். மணிகள் குலுங்கின.

இருசம்மாளின் வலது கை தானாக எழுந்து பக்கவாட்டில் போய்த் துழாவியது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் மரத்தின் வேர். அவள் கையையே பார்த்தாள். எதைத் தேடியது இது?

கொள்ளுப்பையை.

பதினாறு வருஷமாக மணிப்பட்டையை மாட்டியதும் அவள் கை அடுத்ததாகப் பைக்குத்தான் போகும். பட்டை மாட்டாமல் பையைக் கட்டியதே இல்லை. வண்டி பூட்டாத நாளில்கூடப் பட்டையை மாட்டி, பையைக் கட்டி, தின்று முடித்த பிறகுதான் பட்டையைக் கழற்றுவாள். சுப்புராயன் அப்படிச் செய்தான், அவளும் செய்தாள். அது தீனி போடுவதில் சேர்ந்தது என்று அவள் ஒருநாளும் நினைக்கவில்லை. மைனருக்கு அதுதான் தீனியே. மணி குலுங்கினால்தான் சாப்பாட்டு வேளை. குடையின் நிறம் வரை சொல்லிக் கொடுத்தவள் இதைச் சொல்லவில்லை. சொல்லாததோடு, பட்டையை வண்டிச் சாமானோடு பிச்சைமுத்துவுக்கே கொடுத்திருந்தாள். இப்போது அவன் குதிரையின் கழுத்தில் குலுங்கியது அதுதான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மைனர் ஏங்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. நேற்று ராத்திரி விட்ட கண்ணீரை நினைத்துக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"பிச்சமுத்து, அந்தப் பட்டையைக் கழட்டு."

"இன்னாது? வண்டியோட சேத்துத்தானே குடுத்த? என் குதிரைக்கு எவ்ளோ எடுப்பா இருக்குது பாரு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். பிச்சைமுத்து வாயைப் பிளந்து கேட்டான். பிறகு குதிரையின் கழுத்தைத் தடவினான்.

"மணி அடிச்சாத்தான் சாப்புடுவானா? பள்ளிக்கூடத்துப் பசங்க மாதிரி?" என்றான். "அப்போ நீ சரியான வேலைக்குத்தான்க்கா போயிருக்குற." பக்கிளை அவிழ்த்தான். "எடுத்துக்கினு போ. என் குதிரைக்கு மணி இல்லாமலே ஜாஸ்தியாத்தான் எறங்குது. ஆனா எப்டிப் போவ? ரோடு பூரா மரம்."

"எனக்கு இன்னா சக்கரமா இருக்குது? காலுதானே."

பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் ரோட்டில் நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் மணி குலுங்கியது. வண்டி ஒன்றுகூட இல்லாத ரோட்டில் அந்தச் சத்தம் இரண்டு பக்கக் கரும்புக் கொல்லைகளையும் தாண்டிக் கேட்டது. பாதி தூரத்தில் பெரிய புளியமரம் ஒன்று ரோட்டின் குறுக்கே கிடந்தது. அதன் மேலும் கீழுமாக முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் மூன்று கல் வைத்து அண்டாவில் கஞ்சி கொதித்தது.

"இன்னாக்கா, மணி அடிச்சிக்கினு வர்ற? எங்களுக்குப் பூசை போடவா?" என்று மரத்தின் மேலிருந்து ஒருவன் கேட்டான். தமிழரசன் என்று அவனைக் கூப்பிட்டார்கள். அங்கே அவன் பேச்சுதான் எடுபட்டது.

"வழி வுடுங்கப்பா. என் குதிரைக்கிட்ட போறேன்."

"வண்டி எதுவும் போவக் கூடாது."

"நான் வண்டியா? என்னைப் பாத்தா அப்டியா இருக்குது?"

கூட்டம் சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "டேய், அது ஜட்கா இருசம்மாடா. என் மருமவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேத்தது அதுதான். வுடுங்கடா" என்றார்.

"குதிரைக்கு இன்னாக்கா?" தமிழரசன் குரல் இப்போது இறங்கியிருந்தது.

"நாலு நாளா எதுவும் திங்கல."

"அட! உண்ணாவிரதமா? எங்களுக்கு ஆதரவாவா?"

"அதுக்குன்னு தனிக் கோரிக்கை இருக்குது தம்பி" என்று சொல்லித் தோளை ஒரு குலுக்குக் குலுக்கினாள். மணி பேசியது.

"கோரிக்கைன்னா நாங்க குறுக்க நிக்க மாட்டோம்" என்று அவன் கையை நீட்டினான். இரண்டு பேர் கைகொடுத்து அவளை மரத்தின் மேல் ஏற்றினார்கள். இரண்டு பேர் அந்தப் பக்கம் இறக்கினார்கள். கஞ்சி குடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பார்க்கலாம் என்று நடந்தாள்.

லாயத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. வேலிக்கு இந்தப் பக்கமே நின்று, மணிகள் சத்தம் போடாமல் பட்டையை முந்தானைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் போனாள். அவள் சொன்னதைத் தெய்வசிகாமணி கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மணிச் சத்தத்துக்கு எங்கனா பசி வருமாம்மா? அது உன்னை நெனச்சித்தான் ஏங்குது."

"நானும் அப்டித்தாண்ணா நெனச்சேன். ஒரு ராத்திரி முழுக்க அழுதுக்கினு, கொஞ்சம் சந்தோஷமாக்கூட இருந்தேன்."

"செரி, போய் மாட்டிப் பாரு."

"நான் மாட்ட மாட்டேன். சாலம்மாதான் மாட்டணும். என் மொகத்தைப் பாத்துட்டுத் தின்னுச்சின்னா, எதுக்குத் தின்னுச்சின்னு நமக்குத் தெரியாது. அப்புறம் நான் நாளைக்கும் வரணும், நாளன்னிக்கும் வரணும். என் கண்ணுல படாமத் தின்னாத்தான் நீங்க வெச்சிக்க முடியும்."

தெய்வசிகாமணி அவளை ஒரு தரம் பார்த்தார். பிறகு விரலை எச்சில் படுத்திக் காற்றில் நீட்டினார். "சமையக்கட்டுப் பக்கம் நில்லு. காத்து அங்கேர்ந்து அடிக்கல. இல்லன்னா மோப்பம் புடிச்சிடும்."

சமையல்கட்டின் தென்னங்கீற்றுத் தட்டியில் ஒரு விரிசல் இருந்தது. அதில் கண்ணை வைத்தாள். மைனர் வேலியோரம் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. நாலே நாளில் விலா எலும்பு எண்ணிவிடலாம் போல இருந்தது. கஞ்சி போட்ட வேட்டி கசங்கிவிட்டது. ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்ளக் கால் துடித்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

சாலம்மாள் ஒரு கையில் பட்டையும் ஒரு கையில் ஊறின கொள்ளுப் பையுமாகப் போனாள். பட்டையை மாட்டினாள். புறம் மாற்றி. மணிகள் உள்பக்கம் போய்த் தோலோடு ஒட்டிக்கொண்டன. ஒரு சத்தமும் வரவில்லை. பையைக் கட்டினாள். மைனர் மூக்கைத் திருப்பிக்கொண்டது.

தெய்வசிகாமணி தட்டியின் பக்கம் திரும்பி, பார்த்தாயா என்பது போலக் கையை விரித்தார். இருசம்மாளால் கூப்பிட்டுச் சொல்ல முடியாது. குரல் கேட்டால் எல்லாம் போச்சு. விரிசலுக்குள் விரலை நுழைத்து, இப்படி, இப்படி என்று திருப்பித் திருப்பிக் காட்டினாள். வேலி ஓரத்திலிருந்து சாலம்மாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். ஒரு விரல் சமையல்கட்டுத் தட்டியில் ஆடுவது மட்டும்தான் அவளுக்குத் தெரிந்தது. குனிந்து பட்டையைப் பார்த்தாள். "அட, நான் ஒருத்தி!" என்று தலையில் தட்டிக்கொண்டு, பையை அவிழ்த்தாள், பட்டையைக் கழற்றினாள், திருப்பி மாட்டி ஓர் இழுப்பு இழுத்தாள்.

மணிகள் குலுங்கின.

மைனரின் இரண்டு காதும் நிமிர்ந்தன. தலையைத் தூக்கியது. நம்பாதது போலக் கழுத்தை அதுவே ஒரு முறை உதறிப் பார்த்தது. மணி மறுபடியும் குலுங்கியது. சாலம்மாள் பையைத் தூக்கும் வரை பொறுக்கவில்லை. அவள் கையிலிருந்ததை நோக்கி மூக்கை நீட்டி, கண் வரை பைக்குள் விட்டது. கறுக், கறுக், கறுக். பதினாறு வருஷம் தெருவை எழுப்பிய அந்தச் சத்தம் சமையல்கட்டு வரை கேட்டது.

இருசம்மாள் தன் வாயிலும் எதையோ மென்றுகொண்டிருப்பதை அப்போதுதான் உணர்ந்தாள். முந்தானை.

தெய்வசிகாமணி ஓடி வந்தார். "தின்னுதும்மா! பாதிப் பை போயிடுச்சி! வா, வந்து பாரு. இனிமே பாத்தா இன்னா?"

"வேணாண்ணா. சாப்புடுறவனை எதுக்குக் கூப்புட்டுக்கினு? பை காலியானதும் பட்டையைக் கழட்டிடச் சொல்லுங்க. அதையும் சொல்ல மறந்துடப் போறேன்."

"வெள்ளிக்கிழமை கெடு?"

"நீங்கதான் சொல்லணும்."

"எந்தக் கெடு?" என்றார் தெய்வசிகாமணி. "மூட்டை கொள்ளு மட்டும் கொஞ்சம் பெருசா அனுப்பு. இவன் தின்ற வேகத்துல ஒண்ணு பத்தாது."

பின்வாசல் வழியாக வெளியேறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். மைனர் நிமிரவில்லை. வாலை மட்டும் ஒரு வீச்சு வீசி ஈயை விரட்டியது. திரும்பி வந்த நடை முழுக்க அவளுக்குக் கால் தரையில் பட்டதாகவே தோன்றவில்லை.

புளியமரத்தை நெருங்கும்போது தோளில் மணி இல்லாததால் யாரும் அவளைக் கவனிக்கவில்லை. தமிழரசன்தான் முதலில் பார்த்தான். மரத்தின் மேல் எழுந்து நின்றான்.

"இன்னாக்கா, தின்னுச்சா?"

"தின்னுச்சி!"

"கோரிக்கையை ஏத்துக்கிட்டாங்களா?"

"மொத்தமா ஏத்துக்கினாங்க. மணியோட!"

கூட்டம் ஓவென்று கத்தியது. யாரோ துண்டைச் சுழற்றினார்கள். "நம்ம ரோட்டுல மொத வெற்றி குதிரைக்குத்தாண்டா!" என்று ஒருவன் சொல்ல, அதையே கோஷமாகப் போட்டார்கள். காலையில் அவளை அடையாளம் சொன்ன பெரியவர் அண்டாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். வெட்டிப் போட்ட கிளையில் இருசம்மாள் உட்கார்ந்தாள். முந்தின நாள் மத்தியானத்துக்குப் பிறகு தானும் எதுவும் சாப்பிடவில்லை என்பது கஞ்சியின் வாசனை வந்தபோதுதான் தெரிந்தது. ஒரு சொம்பு குடித்தாள். தமிழரசன் தொட்டுக்கொள்ள ஒரு பச்சை மிளகாயும் வெங்காயமும் கொடுத்தான். சொம்பை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னும் ஊத்து தம்பி" என்றாள். "எனக்கு மணியெல்லாம் வேணாம்."